காலி ஆணிகளும் ஒரு கூகுள் ஷீட்டும்: வேட்டை கிளப் கணக்குக்கு நான் பயன்படுத்திப் பார்த்தவை

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் கிளப் என்றால், மாதச் சந்தா கட்டி கிளப் மேலாண்மை மென்பொருள் வாங்காதீர்கள். இலவச கூகுள் ஷீட்ஸ் போதும், ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் தாராளமாகக் கொடுப்பேன். ஆனால் அதில் எந்த எண்ணை முதல் வரியில் போடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நாங்கள் ஒரு வருடம் தவறான எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அதனால் நிலமே கைவிட்டுப் போயிருக்கும்.

நான் இருப்பது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே ஆல்ஃபரெட்டாவில். கிளப் இருப்பது தெற்கே, விடேலியா பக்கம், இனிப்பு வெங்காயத்துக்குப் பேர்போன அதே ஊர். மேக்கன் வழியாகப் போனால் மூன்று மணி நேரம். வேட்டையா என்று நம் ஆட்கள் முகம் சுளிப்பது தெரியும். இந்தியாவில் 1972 சட்டத்துக்குப் பிறகு அது குற்றம், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஜார்ஜியாவில் வெள்ளைவால் மான் அவ்வளவு பெருகிக் கிடக்கிறது, ஒரு பருவத்துக்கு ஒருவர் 12 மான் வரை அடிக்க மாநில அரசே அனுமதிக்கிறது, அதில் கொம்புள்ளது இரண்டு மட்டும். செப்டம்பரில் வில்லோடு தொடங்கி ஜனவரி வரை ஓடும். நான் வருடத்துக்கு இரண்டு அடித்தால் அதிகம். அந்தக் கறியை மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்துத் தின்ற நண்பர்கள் அப்புறம் கேள்வி கேட்பதில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கிளப்பின் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தகரக் கூரை, அதன் கீழே ஒட்டுப்பலகை ஒன்று. பலகை நடுவில் நிலத்தின் செயற்கைக்கோள் படம், மழை படாமல் பிளாஸ்டிக் உறை போட்டது. ஒவ்வொரு பரணும் இருக்கிற இடத்தில் ஒரு சின்னக் கொக்கி. பலகையின் இடது ஓரத்தில் வரிசையாக 14 ஆணி, ஒவ்வொன்றிலும் எண் அடித்த பித்தளை வாஷர். காட்டுக்குள் போகிறவர் தன் வாஷரை எடுத்து எந்தப் பரணில் உட்காரப் போகிறாரோ அந்தக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போகவேண்டும், இன்னொருவர் அந்தப் பக்கம் தெரியாமல் துப்பாக்கியோடு போய்விடக் கூடாது என்பதற்காக. என் எண் 9. 2025 கோடையில் ஒரு நாள் அந்தப் பலகையைத் துடைக்கப் போனேன். 3, 6, 11, 14 ஆகிய நாலு வாஷரும் மாதக்கணக்காக அசையவில்லை, 11இன் மேலே குளவி மண்கூடு கட்டி வைத்திருந்தது. கிளப்பின் பணப் பிரச்சினை மொத்தமும் அந்தக் குளவிக்கூட்டில் தெரிந்தது. எங்கள் மென்பொருளில் மட்டும் தெரியவில்லை.

கணக்கைச் சொல்கிறேன். நிலம் 1,200 ஏக்கர், பைன் காடு, ஏக்கருக்கு 13 டாலர் என்று வருடத்துக்கு 15,600 டாலர் குத்தகை, ஜூலை 1க்குள் மொத்தமாகக் கட்டவேண்டும். யாருக்காவது அடிபட்டால் ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீடு 480. மானுக்காகப் போடும் ஓட்ஸ், க்ளோவர் பயிருக்கு விதை, உரம், சுண்ணாம்பு என்று 2,400. முகாமில் நிற்கிற பழைய டிரெய்லருக்கு மின்சாரமும் தண்ணீரும் 1,200. டிராக்டர் டீசல், பூட்டு, சங்கிலி, சில்லறை 900. கூட்டினால் 20,580. பதினாலு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 1,470, அதை 1,500 என்று வைத்திருந்தோம். எல்லா இடமும் நிரம்பியிருந்தால் 420 டாலர் மிச்சம். பல வருடம் இப்படியே ஓடியது.

2024 செப்டம்பர் 26 இரவு ஹெலீன் புயல் ஃபுளோரிடாவில் கரையேறி விடிவதற்குள் எங்கள் பக்கத்தைப் புரட்டிப்போட்டுவிட்டது. அந்த வருடச் சந்தா எல்லோரும் ஏற்கெனவே கட்டியிருந்ததால் பணத்தில் உடனே ஒன்றும் தெரியவில்லை. பாதை அடைந்துகிடந்தது, பரண்கள் மரத்தோடு சாய்ந்திருந்தன. விழுந்த பைன் மரம் சில மாதத்தில் நீலம் பாய்ந்து வீணாகிவிடும் என்பதால் நில உரிமையாளர் உடனே மரம் எடுக்க ஆள் விட்டார், நவம்பர் முழுக்க லாரியும் ரம்பச் சத்தமும்தான். அந்தப் பருவத்தில் பலர் ஒரு மானைக்கூடப் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட வருடத்துக்குப் பிறகு யார் இருப்பார், யார் போவார் என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். பார்க்கலாம் என்பார்கள். அந்தப் பார்க்கலாமை வருமானமாக எழுதியதுதான் நாங்கள் செய்த தப்பு.

எங்கள் தலைவர் எழுபது தாண்டியவர், அந்த ஊர்க்காரர், கம்பிச்சுருள் நோட்டில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். 2024 தொடக்கத்தில் பொருளாளர் பொறுப்பை என்னிடம் கொடுத்தபோது நான் செய்த முதல் வேலை நோட்டை மூடிவைத்துவிட்டு ஒரு கிளப் மேலாண்மை மென்பொருளை வாங்கியது. பெயர் வேண்டாம், அதைப் போல நாலைந்து இருக்கின்றன. மாதம் 40 டாலர், வருடத்துக்கு 480, அதாவது எங்கள் காப்பீட்டுக்குக் கட்டுகிற அதே தொகை. அட்டையில் சந்தா கட்டினால் 2.9 சதவீதமும் 30 சென்டும் பிடித்துக்கொள்வார்கள், 1,500 டாலருக்கு 43 டாலர் 80 சென்ட். பதினாலு பேரும் அட்டையில் கட்டினால் 600 டாலருக்கு மேல் போய்விடும். பார்க்க அழகாக இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. உறுப்பினர் படம், நாள்காட்டி, நினைவூட்டல் எல்லாம் உண்டு. காட்டுப்பக்கம் சிக்னல் ஒரு கோடுதான் வரும், அதில் அந்தச் செயலி திறப்பதற்குள் மான் அடுத்த மாவட்டத்துக்குப் போயிருக்கும். தலைவர் இரண்டு முறை கடவுச்சொல்லை மறந்துவிட்டு மூன்றாம் முறை முயலவே இல்லை.

இதெல்லாம் சின்னக் குறை. பெரிய குறை முகப்புப் பக்கத்தில் இருந்தது. 2025 ஏப்ரலில் 14 பேருக்கும் பில் அனுப்பினேன். அனுப்பிய நொடியே முகப்பில் வருமானம் 21,000 டாலர் என்று பச்சையில் வந்து நின்றது. யாரும் ஒரு சென்ட் கட்டவில்லை, ஆனால் பில் போட்டாயிற்று, அதனால் அது வரவு. தொழில் நடத்துகிற நிறுவனத்துக்கு அது சரியான முறைதான், பில் போட்டால் பணத்தைக் கேட்டு வாங்க உரிமை இருக்கிறது. வேட்டை கிளப்பில் அந்த உரிமை கிடையாது. அடுத்த வருடம் வரமாட்டேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவர் பேரில் இருக்கிற பில் வெறும் காகிதம். வந்த பணம் எவ்வளவு என்று பார்க்க மூன்று பக்கம் உள்ளே போகவேண்டும். நான் போனேன், ஆனால் ஜூன் 14ஆம் தேதிதான் போனேன்.

பத்துப் பேர் கட்டியிருந்தார்கள். 15,000 டாலர். மொத்தச் செலவை விடுங்கள், குத்தகைக்கே 600 குறைந்தது. ஜூலை 1க்கு இன்னும் இரண்டரை வாரம்.

ஊரில் சீட்டுப் பிடித்தவர்களுக்கு இந்த நிலைமை உடனே புரியும். நாலு பேர் கட்டாமல் நின்றுவிட்டால் சீட்டுத் தொகை குறையாது, பிடித்தவர்தான் கைக்காசைப் போட்டு நிரப்பவேண்டும். இங்கேயும் அதேதான். ஆள் குறைந்தாலும் ஏக்கர் குறைவதில்லை. அட்லாண்டாவில் கிரிக்கெட் அணி நடத்துகிறவர்கள், வாரம் இரண்டு நாள் பூப்பந்து மைதானம் வாடகைக்கு எடுக்கிறவர்கள் எல்லோரும் இதைப் படிக்கலாம், உங்களுக்கும் இந்தக் கணக்குதான்.

முதலில் எல்லோர் வாயிலும் வந்தது, இருக்கிற பத்துப் பேருக்கும் பிரித்துவிடலாம் என்பது. பிரித்தால் தலைக்கு 2,058. அதைக் கேட்டதும் இரண்டு பேர் கிளம்பினால் எட்டுப் பேருக்கு 2,572. அதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் போவார்கள். படி இறங்குவது மாதிரி ஒவ்வொரு படியிலும் ஆள் குறைந்துகொண்டே போய்க் கடைசியில் கேட் சாவியைத் திருப்பிக் கொடுக்கவேண்டியதுதான். பக்கத்து மாவட்டத்தில் ஒரு கிளப் அப்படித்தான் கலைந்தது என்று தலைவர் சொன்னார்.

அன்று ராத்திரி ஒரு வெற்று ஷீட்டைத் திறந்தேன். இங்கிருந்துதான் உண்மையான விமர்சனம்.

முதல் தாளில் நாலே வரி. உறுதியான ஆள் எத்தனை. கையில் வந்த பணம். ஜூலை 1க்குள் கட்டவேண்டியது. வித்தியாசம். அவ்வளவுதான். இரண்டாம் தாளில் பெயர், சொன்ன தொகை, தந்த தொகை, தந்த தேதி. சொன்னதும் தந்ததும் தனித்தனிப் பத்தி, இரண்டையும் எங்கேயும் கூட்டக் கூடாது, முதல் தாளுக்குத் தந்த தொகை மட்டும்தான் போகும். வித்தியாசம் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் கட்டம் சிவப்பாகும், மேலே போனால் பச்சை. மூன்றாம் தாள் செலவுகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கேள்வி: ஆள் குறைந்தால் இது குறையுமா? குத்தகைக்கு இல்லை, காப்பீட்டுக்கு இல்லை, விதைக்கு ஆம், டீசலுக்கு ஓரளவு. இந்த மூன்றாவது தாளைப் போட்டபோதுதான் எதில் கை வைக்க முடியும் என்பது எனக்கே தெளிவாகத் தெரிந்தது.

இணைப்பைப் பத்துப் பேருக்கும் பார்வையாளர் உரிமையோடு அனுப்பினேன், திருத்தும் உரிமை எனக்கும் தலைவருக்கும் மட்டும். சூத்திரம் இருக்கிற கட்டங்களைப் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறது, அதைக் கட்டாயம் செய்யுங்கள். பழைய பதிப்புகளையும் தேதிவாரியாகத் திரும்ப எடுக்கலாம். கணக்கே தொடங்கவேண்டாம், இணைப்பைத் தொட்டால் போனில் திறக்கும். தலைவர் திறந்தார். அந்தச் சிவப்புக் கட்டத்தைப் பார்த்தவர் பத்து நிமிடத்தில் எனக்கு போன் செய்து, நாளைக் காலையில் நில உரிமையாளரிடம் பேசுகிறேன் என்றார். அத்தனை மாதமாக அந்த மென்பொருள் அவரை எதற்கும் எழுப்பவில்லை.

பேச்சில் என்ன முடிந்தது என்றால், புயலில் முழுக்கச் சாய்ந்துபோன வடக்குத் துண்டு 180 ஏக்கரை விட்டுக்கொடுத்தோம். அதில் 2,340 டாலர் குறைந்து குத்தகை 13,260 ஆனது. உரிமையாளருக்கும் அது வசதிதான், அங்கே கன்று நட ஆட்கள் வந்துபோவார்கள், வேட்டைக்காரர்கள் குறுக்கே இல்லாமல் இருப்பது நல்லது. கேட்காமல் இருந்திருந்தால் மரமே இல்லாத நிலத்துக்குப் பணம் கட்டியிருப்போம். பயிரை இரண்டு இடத்தோடு நிறுத்தி 900 ஆக்கினோம், சில்லறையை 500 ஆக்கினோம். மொத்தம் 16,340. பத்துப் பேருக்கு 1,634.

சந்தாவை 1,634 என்று வைக்காமல் 1,750 என்று வைத்தோம். ஏற்கெனவே 1,500 கட்டியவர்களிடம் மேலும் 250 கேட்கவேண்டியிருந்தது, அது கஷ்டமான கூட்டம். அந்த 250இல் 134 இந்த வருடப் பற்றாக்குறைக்கு, மீதி 116 காலி இடங்களுக்கான தனிக் கையிருப்பு, அதை வேறெதற்கும் தொடமாட்டோம் என்று அந்த ஷீட்டையே டிவியில் போட்டுக் காட்டினேன். ஒருவர் இரண்டு தவணை கேட்டார், கொடுத்தோம். ஒருவரும் போகவில்லை. தலைக்கு எவ்வளவு என்று மட்டும் சொல்லியிருந்தால் போயிருப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்ததால் இருந்தார்கள்.

மிச்ச இடத்துக்கு நாள்வாடகை மாதிரி வெளியாட்களைப் பணம் வாங்கிக்கொண்டு விடலாமே என்று ஒரு யோசனை வந்தது. நிறையப் பேருக்கு இது தோன்றும், கவனமாக இருங்கள். முதலில் குத்தகைப் பத்திரத்தைப் படியுங்கள், எங்களுடையதில் உள்குத்தகை கூடவே கூடாது என்று இருக்கிறது. இரண்டாவது, கிளப் அமெரிக்க வரிச் சட்டத்தில் பொழுதுபோக்குக் கிளப்புகளுக்கான 501(சி)(7) பிரிவில் வருமானவரி விலக்கோடு இருந்தால், உறுப்பினர் அல்லாத வழியில் வரும் பணம் மொத்த வரவில் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதற்குள்ளேயே வெளியாட்கள் கிளப்பின் இடத்தைப் பயன்படுத்துவதால் வருவது 15 சதவீதத்துக்குள் நிற்கவேண்டும். அதனால் ஷீட்டில் வரவுப் பத்தியை உறுப்பினர், வெளியார் என்று இரண்டாகப் பிரித்துவைத்திருக்கிறேன். நாங்கள் கடைசியில் செய்தது, வசந்தகால வான்கோழிப் பருவத்துக்கு மட்டும் 400 டாலரில் தனி உறுப்பினர் வகை. விதிமுறையில் சேர்த்து, காப்பீட்டுப் பட்டியலிலும் பெயர் சேர்த்து, உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினோம். மூன்று பேர் சேர்ந்தார்கள், 1,200. சந்தாவில் மிஞ்சிய 1,160ஐயும் சேர்த்தால் கையிருப்பு 2,360. ஒருவர் திடீரென்று நின்றாலும் தாங்கும்.

இன்னொரு மாற்றம் தேதியில். முன்பு ஜூன் 30க்குள் முழுத் தொகை என்று இருந்தது, மறுநாள் குத்தகை. இப்போது மார்ச் 1க்குள் 300 டாலர் முன்பணம், திருப்பித் தரப்படாது, மீதி மே 15க்குள். உறுதியான ஆள் என்ற எண்ணிக்கையில் முன்பணம் தந்தவர் மட்டும்தான் ஏறுவார், முப்பது வருட உறுப்பினராக இருந்தாலும் சரி. 2026 மார்ச் 1 ராத்திரி அந்தத் தாளைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஒன்பது மணிக்கு ஏழு, பத்தரைக்கு எட்டு, பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒன்பது. அதோடு நின்றது. ஒன்பது பேருக்கு 15,750, அதாவது செலவு 16,340க்கு 590 குறைவு. போன வருடம் 5,580 குறைவதை இரண்டரை வாரம் முன்னால் கண்டுபிடித்தோம், இந்த வருடம் 590 குறைவதை நாலு மாதம் முன்னால்.

பணம் வாங்குவதற்கு ஜெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவை, இல்லையென்றால் காசோலை. ஜெல்லில் வங்கியிலிருந்து வங்கிக்கு நேராகப் போகிறது, எங்களுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. தவறான ஆளுக்கு அனுப்பினால் திரும்ப வாங்குவது கஷ்டம், அதனால் முதல் தடவை ஒரு டாலர் அனுப்பிப் பார்க்கச் சொல்கிறேன். கிளப் பெயரில் தனி வங்கிக் கணக்கு கட்டாயம் வேண்டும், உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கவே வாங்காதீர்கள், நாளைக்கு ஒரு சண்டை வந்தால் உங்களுக்கே சிக்கல்.

ஆள் பிடிக்க ஒரு வேட்டை நிலப் பட்டியல் தளத்தில் காசு கட்டி விளம்பரம் போட்டோம். வந்த விசாரிப்புகளில் பாதி, நிலத்தின் எல்லைப் படத்தை அனுப்பு என்பதோடு நின்றது. அதைவிட ஊர்த் தீவனக் கடையில் குத்திய ஒரு தாள் வேலை செய்தது. அதில் காலி இடம் இருக்கிறது என்று எழுதாமல், பத்துப் பேர் மட்டும், தலைக்கு 102 ஏக்கர் என்று எழுதினேன். பழைய கணக்கில் 1,200 ஏக்கருக்கு 14 பேர், தலைக்கு 85தான். ஆள் குறைந்தது நமக்குப் பணக்கஷ்டம், வருகிறவருக்கு அது விசாலம். மே முதல் வாரம் ஒரு அப்பாவும் பன்னிரண்டு வயது மகனும் வந்து பார்த்துவிட்டு ஒரு இடம் எடுத்தார்கள். 11ஆம் எண் வாஷரை நான்தான் சுரண்டிக் கழுவிக் கொடுத்தேன்.

கூகுள் ஷீட்ஸுக்கு அரை நட்சத்திரம் ஏன் குறைத்தேன் என்றால், அது கணக்குதான் காட்டும், வசூலிக்காது. யார் கட்டவில்லை என்று நீங்கள்தான் ஒவ்வொரு ஞாயிறும் பார்த்து போன் போடவேண்டும். ஐம்பது அறுபது பேர், பல நிலம், சம்பளத்துக்கு ஆள் என்று வளர்ந்துவிட்ட கிளப்புக்கு இது பத்தாது, அங்கே முறையான கணக்கு மென்பொருளும் ஒரு கணக்காளரும் வேண்டும். அப்போதும் வாங்குவதற்கு முன்னால் ஒன்றைச் சோதியுங்கள்: ஒரு பில் போட்டுவிட்டு முகப்பில் வருமானம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால், வந்த பணத்தை மட்டும் காட்டும்படி மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் வேண்டாம்.

என் ஷீட்டின் காப்பி வேண்டுமென்றால் கேளுங்கள், பெயர்களை எடுத்துவிட்டு அனுப்புகிறேன். ஏக்கர், விலை, ஆள் எண்ணிக்கை மூன்றையும் உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். முதல் தாளில் உறுதியான ஆள் எண்ணிக்கை வரும் சி2 கட்டத்தை மட்டும் கையால் நிரப்பாதீர்கள், அது முன்பணப் பத்தியிலிருந்து தானாக வரட்டும்.